பொறியாளர் சொன்னால் அரசாங்கம் கேட்குமா? நெல்லைச் சீமையிலிருந்து சில கேள்வி பதில்கள்

பாளையங்கோட்டையில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பாதிப் பேர் ரிட்டயர் ஆன இன்ஜினியர்கள்: மின்சாரம், பாசனம், ரயில்வே. மீதிப் பேர் இன்னும் வேலையில் இருப்பவர்கள். அரசு ஒரு வரைவு விதியோ திட்டமோ வெளியிட்டால் அதைப் படித்து, எங்கள் தொழிலில் தெரிந்ததை எழுதி அனுப்புவோம். கூட்டத்துக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் தலைவர், செயலாளர் என்று சண்டை வந்துவிடும். எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் எல்லாவற்றிலும் என்னோடு உடன்படுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

அரசாங்கத்திலேயே ஆயிரக்கணக்கில் இன்ஜினியர்கள் இருக்கிறார்களே, வெளியே இருந்து நீங்கள் எதற்கு?

நியாயமான கேள்வி. நானே 30 வருஷம் உள்ளே இருந்தவன்தான். உள்ளே இருக்கும் பொறியாளருக்கு விவரம் நிறையத் தெரியும். ஆனால் அவர் எழுதும் குறிப்பு கோப்பில் மேலே ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே போகும். உதவிப் பொறியாளர் எழுதிய மூன்று பக்கம், செயலாளர் மேஜைக்குப் போகும்போது ஒரு வரியாகியிருக்கும். அந்த ஒரு வரியில் முதலில் காணாமல் போவது "இது எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை" என்ற வாக்கியம். வெளியே இருப்பவர் அந்த வாக்கியத்தைத் தைரியமாக எழுதி அனுப்பலாம். எங்களால் ஆகக்கூடிய பெரிய உபகாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், நம் ஊரில் இது புதுசும் இல்லை. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்க்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1840களில் கட்டியது. கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோச்சன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டார். பொறியாளர் திட்டம் போட்டார். கலெக்டர் முன்னே நின்று நடத்தினார். மூன்று பேரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். இன்றைக்கும் அதே மூன்று பேர்தான் தேவை. ஆனால் இப்போது ஒருவரே மூவராகவும் பேசப் பார்க்கிறார்.

டெல்லியில் யார் இந்த ஆலோசனையெல்லாம் சொல்கிறார்கள்?

பல வாசல் இருக்கிறது. மத்திய அரசுக்கு முதன்மை அறிவியல் ஆலோசகர் என்று ஒரு பதவி 1999இல் வந்தது. முதலில் அதில் இருந்தவர் அப்துல் கலாம். அவருக்குப் பின் ஆர். சிதம்பரம் 2018 வரை இருந்தார். 1987இல் தொடங்கிய இந்தியத் தேசியப் பொறியியல் அகாதெமி இருக்கிறது. பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் அனுமதிக்கு நிபுணர் மதிப்பீட்டுக் குழுக்கள், சிமெண்ட் முதல் ஸ்விட்ச் வரை தரம் எழுத இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குழுக்கள் உண்டு. நாடாளுமன்ற நிலைக்குழுக்களும் நிபுணர்களைக் கூப்பிட்டுக் கேட்கும்.

அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்கென்றே தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் ஒன்று 1972இல் உண்டாகி, 1995இல் செலவைக் காரணம் காட்டி மூடப்பட்டது. ஆலோசனை சொல்பவருக்குச் சம்பளம் தருபவரே அதைக் கேட்க விரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம்.

கூடங்குளத்தில் நிபுணர் குழுக்கள் போட்டார்களே, ஜனங்கள் ஏன் நம்பவில்லை?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. பதில் கொஞ்சம் நீளம்.

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு 1988இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம். கட்டுமானம் தொடங்கியது 2002இல். ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு. 2011 மார்ச்சில் ஜப்பானில் புகுஷிமா அணு உலை விபத்து நடந்தது. அந்த வருஷமே இடிந்தகரையில் போராட்டம் பெரிதாகி வேலை நின்றது. மத்திய அரசு முத்துநாயகம் தலைமையில் 15 பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்தது. அவர் இஸ்ரோவில் ராக்கெட் உந்துவிசைத் துறையை வளர்த்தவர். அடுத்து 2012 பிப்ரவரியில் மாநில அரசு நால்வர் குழு ஒன்றைப் போட்டது. அதில் அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் எம்.ஆர். சீனிவாசனும் இருந்தார். இடையில் 2011 நவம்பரில் கலாமே நேரில் வந்து பார்த்துவிட்டு, பாதுகாப்பில் தனக்குத் திருப்தி என்று சொன்னார்.

இவர்கள் யாரும் சாதாரண ஆட்கள் இல்லை. நில அதிர்வு, சுனாமி, குளிர்விப்பு என்று அவர்கள் எழுதியதை நான் படித்திருக்கிறேன். பெரும்பாலும் கவனமாகச் செய்த வேலை. அப்படியும் எடுபடவில்லை. எனக்குப் படும் காரணங்கள் மூன்று.

முதல் காரணம், கேள்வியும் பதிலும் வேறு வேறாக இருந்தன. குழு "உலை பாதுகாப்பானதா" என்ற கேள்விக்குப் பதில் எழுதியது. கரையில் இருந்தவர் கேட்டது: "வெந்நீர் கடலில் விழுந்தால் மீன் எங்கே போகும்? ஏதாவது ஆனால் எங்களுக்கு யார், எத்தனை நிமிஷத்தில் சொல்வார்கள்? எந்த ரோட்டில் ஓடணும்?" இது அறியாமை என்று சிலர் ஒதுக்கினார்கள். எனக்கு அது நல்ல பொறியாளர் கேட்கிற கேள்வியாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது, காகிதம். போராட்டக்காரர்கள் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டார்கள். கைக்கு வரவில்லை. 2012 ஏப்ரலில் மத்திய தகவல் ஆணையம் அவற்றை வெளியிடச் சொல்லி உத்தரவு போட்டது. குழு முடிவு சொல்லி மாதங்கள் ஆன பிறகுதான் அந்த உத்தரவே வருகிறது. விடைத்தாளைக் காட்டாமல் மதிப்பெண்ணை மட்டும் சொன்னால் எந்த அப்பா அம்மா ஒப்புக்கொள்வார்கள்?

மூன்றாவது, யார் சொன்னது, எப்போது சொன்னது என்பது. அணுசக்தித் துறையை நடத்தியவரே அந்தத் துறையின் திட்டத்தைச் சோதிக்க வந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும். சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு 2012 மார்ச் 18. வேலையைத் தொடங்கலாம் என்று மாநில அமைச்சரவை முடிவெடுத்தது மார்ச் 19. ஜனங்களுக்குத் தேதி பார்க்கத் தெரியும்.

உச்ச நீதிமன்றம் 2013 மே 6 தீர்ப்பில் உலைக்குத் தடை போடவில்லை. ஆனால் 15 உத்தரவுகள் போட்டது. இயக்குவதற்கு முன் தரத்தையும் பாதுகாப்பையும் மறுபடி சரிபார்த்து அறிக்கை தரவேண்டும் என்பது அதில் ஒன்று. அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்கள் கூட்டத்திலேயே இரண்டு கட்சி. அந்தப் பதினைந்தில் சிலதையாவது நிபுணர் குழுவே முதலில் எழுதியிருக்கலாம் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி.

நான் சாப்ட்வேர் ஆள். பாலமும் அணையும் எனக்குத் தெரியாது. எனக்கு இதில் வேலை உண்டா?

உங்களுக்குத்தான் இப்போது அதிக வேலை. எல்லா இணையதளத்துக்கும் ஒரே மாதிரி வழிவிட வேண்டும் என்கிற இணையச் சமநிலை பற்றி 2015இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் போனது. அந்தத் தொழில்நுட்பத்தைச் சாதாரண ஆளுக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்ததில் மென்பொருள்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2016 பிப்ரவரி 8 அன்று, பார்க்கிற விஷயத்தைப் பொறுத்து டேட்டா விலையை மாற்றக் கூடாது என்று விதியே வந்துவிட்டது.

டெல்லி வரை போக வேண்டாம், மேலப்பாளையத்துக்கோ முக்கூடலுக்கோ வாருங்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொல்கிறார்கள். வருஷக்கணக்கில் பீடி சுற்றின பெண்ணுக்கு விரல் நுனி தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். மிஷின் "பொருந்தவில்லை" என்கிறது. பின்னால் வரிசை நிற்கிறது, அந்த அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். கருவி விற்றவர், நூற்றுக்கு 98 தடவை சரியாக வேலை செய்யும் என்று சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆயிரம் கார்டு உள்ள கடையில் அது 20 குடும்பம். அந்த இருபதும் ஊர் முழுக்கச் சிதறி வராது. பீடி சுற்றுகிற, செங்கல் சூளைக்குப் போகிற அதே வீடுகளில்தான் மாதாமாதம் விழும். சராசரி எண் இதை மறைத்துவிடும்.

இந்த இடத்தில் மென்பொருள் தெரிந்தவர் சொல்ல வேண்டியது எளிது. தவறு விகிதத்தைத் தொழில் வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். ரேகை பொருந்தாவிட்டால் அடுத்த வழி என்ன என்பதை விதியிலேயே எழுதுங்கள். அதைக் கடைக்காரர் மனசுக்கு விடாதீர்கள். கண் கருவிழிப் பதிவு ஒரு வழி. செல்போனுக்கு வரும் எண் இன்னொரு வழி. "அரிசி இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது" என்பது பொறியியல் இல்லை, அரசு எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை மிஷின் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று சுட்டிக்காட்டுவது பொறியியல்.

2023 டிசம்பர் வெள்ளத்தை இன்ஜினியர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாதா?

அன்றைய மழையைச் சொல்லியிருக்க முடியாது. டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அந்தக் கரைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், செந்தூர் ரயிலில் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் சொல்லியிருக்க வேண்டியது வேறொன்று. "இந்தப் பாலம் நூறு வருஷ வெள்ளத்துக்குக் கட்டியது" என்று அறிக்கையில் எழுதுவோம். படிக்கிற அதிகாரி, இனி நூறு வருஷத்துக்குப் பிரச்சனை இல்லை என்று எடுத்துக்கொள்வார். அதன் நிஜ அர்த்தம், ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பது. கணக்குப் போட்டால் 30 வருஷத்தில் அது ஒரு தடவையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு. நாலில் ஒன்று! வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் வெள்ளம் வர நாலில் ஒரு வாய்ப்பு என்று சொல்லியிருந்தால் யாரும் அலட்சியமாகக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். இது எங்கள் தப்பு. நமக்குப் புரியும் வார்த்தையை அடுத்தவருக்கும் புரியும் என்று நினைத்துக்கொண்டோம்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, கடைசி ஸ்ரீவைகுண்டம். அதிலிருந்து பிரிகிற கால்வாய்களில் குளத்துக்குக் குளம் தொடர். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம். கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகமும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. மறுகால் போகிற பாதையில் ரோட்டை உயர்த்திப் போட்டால் அது ரோடு இல்லை, அணை. மழை எவ்வளவு வரும் என்று தெரியாமல் போகலாம். வந்த தண்ணீர் எந்தப் பக்கம் போகப் பார்க்கும் என்பது தெரிந்த விஷயம்தான்.

நீங்கள் எழுதி எதுவாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அதற்கு முன் நடக்காததைச் சொல்கிறேன்.

பாளைக்குக் கிழக்கே ஒரு கிராமம். ரோட்டை இரண்டடி உயர்த்தி, மறுகால் ஓடைக்கு இரண்டு குழாய் மட்டும் பதித்தார்கள். நான் மழை அளவு, நீர்ப்பிடிப்புப் பரப்பு, சூத்திரம், வரைபடம் எல்லாம் போட்டு 14 பக்கம் எழுதி உரிய அலுவலகத்தில் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அதோடு சரி. மறுபடி ஒரு தடவை எழுதினேன், அப்போதும் முத்திரை கிடைத்தது.

மூன்றாவது தடவை அந்த ஊர் நீர்க்கட்டியையும் (மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பங்கிடுபவர்) கூட்டிக்கொண்டு போனேன். எழுபது வயசு தாண்டினவர். நான் பேச ஆரம்பித்ததும் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர் குறுக்கே சொன்னார்: "சார், மறுகால் பாஞ்சா தண்ணி எங்க போவும்? ரோட்டை ஒசத்திட்டிய. ஒரு வைக்கக்கெட்டு வந்து விழுந்தா ரெண்டு கொழாயும் அடைச்சுக்கிடும். மேல நாலு தெரு முங்கிரும்." கையில் ஒரு போட்டோ வேறு வைத்திருந்தார்: பள்ளிக்கூடச் சுவரில் பழைய வெள்ளம் நின்ற கோடு. அதிகாரி பேனாவை எடுத்தார். அடுத்த வருஷம் குழாய்க்குப் பதில் பெட்டிப் பாலம் வந்தது.

நான் எழுதினதும் அதுவேதான். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது.

அப்படியானால் எப்படி எழுத வேண்டும்?

இரண்டு பக்கம். முதல் பத்தியிலேயே என்ன மாற்றம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வரைவு விதியாக இருந்தால் எந்தப் பிரிவு, எந்த வரி என்று எண் போட்டு, இருக்கிற வாசகத்தையும் நீங்கள் கேட்கிற வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். "பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டும்" என்ற வாக்கியத்தால் யாருக்கும் பயன் இல்லை; எப்படி, யார், எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று எழுதினால் அதைக் குமாஸ்தா அப்படியே எடுத்து ஒட்ட முடியும். எது அளந்தது, எது அனுமானம் என்று பிரித்துச் சொல்லுங்கள். கணக்கெல்லாம் பின்னிணைப்பில்.

உங்களுக்கு அதில் ஆதாயம் இருந்தால் அதையும் எழுதுங்கள். நீங்கள் கன்சல்டன்சி பார்க்கிற கம்பெனி அந்த டெண்டரில் இருக்கிறதா? முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் வேறொருவர் கண்டுபிடித்துச் சொன்னால், நீங்கள் சொன்ன சரியான விஷயமும் சேர்ந்து போகும்.

தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். மாநில அலுவலகத்துக்குத் தாராளமாக எழுதலாம். 2020இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் மொழிபெயர்க்க டெல்லி உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எங்கே, எப்போது கருத்துச் சொல்ல முடியும்?

மின்கட்டணம் என்றால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2003 மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி பொதுமக்களின் ஆலோசனையையும் ஆட்சேபத்தையும் பரிசீலித்த பிறகே கட்டண உத்தரவு போட முடியும். தொழிற்சாலை, சுரங்கம், துறைமுகம் என்றால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் பொது விசாரணை. 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, திட்ட அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். மத்திய அரசின் வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாளாவது பொதுவில் வைக்க வேண்டும் என்று 2014இல் ஒரு கொள்கை வந்தது. எல்லாத் துறையும் அதைக் கடைப்பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

ஊர் அளவில் கிராம சபை. இப்போது வருஷத்துக்கு ஆறு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் அன்றும் உண்டு. குளம், மடை பற்றிப் பேச அதைவிட நல்ல நாள் இல்லை. விவசாயிகள் குறைதீர் நாளையும் விடாதீர்கள். பாசனப் பொறியாளர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு இன்ஜினியர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் யாரை நம்புவது?

காற்றாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்று பிய்த்துக்கொண்டு வரும். மற்ற மாதங்களில் இறக்கை பெரும்பாலும் சும்மா நிற்கும். சீசனில் கொடுத்த மின்சாரத்தைக் கணக்கில் வைத்து, பின்னால் எடுத்துக்கொள்ளும் வசதிக்குப் பேங்கிங் என்று பேர். காற்றாலை வைத்திருக்கும் மில்காரரின் பொறியாளர் அது நியாயம் என்பார். மின்வாரியப் பொறியாளர், எங்களுக்குத் தேவை இல்லாத நேரத்தில் கொடுத்துவிட்டு விலை கூடின நேரத்தில் திருப்பிக் கேட்கிறீர்களே என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. யூனிட் கணக்கில் இருவருக்கும் ஒரே எண்தான் வரும். அந்தச் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பதில்தான் சண்டை. அதைத் தீர்க்க ஆணையம் இருக்கிறது. இது கணக்குத் தகராறா, பங்குத் தகராறா என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நான் அரசு ஊழியர். என் பேரில் எழுதலாமா?

நடத்தை விதிகள் இருக்கின்றன. பத்திரிகையில் அரசை விமர்சித்து எழுதினால் மெமோ வரும். கோப்பில் எழுதுங்கள், தெளிவாக, தேதி போட்டு. நாளைக்கு யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் அது வெளியே வரும். நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.

காலேஜ் மாணவர்கள் கூட்டத்துக்கு வரலாமா?

வரலாம். சும்மா வராதீர்கள். உங்கள் ஊரில் 2023 வெள்ளம் நின்ற கோடு இன்னும் ஏதாவது சுவரில் இருந்தால், தரையிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து, இடத்தையும் தேதியையும் எழுதி, போட்டோவோடு கொண்டு வாருங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள் செய்யுங்கள்.